போலி ஆன்ட்டிவைரஸ் எச்சரிக்கை: அந்தப் பெட்டியைக் காட்டுவது யார்?

கேட்டவரின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. இரண்டு நாளாகத் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறதாம்: “5 வைரஸ்கள் சிக்கியுள்ளன, பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்.” பெட்டியில் தெரிவது பிரபலமான ஒரு ஆன்ட்டிவைரஸின் பெயர். அதை இவர் வாங்கவும் இல்லை, போடவும் இல்லை. செட்டிங்ஸில் இருக்கும் புரோகிராம் பட்டியலிலும் அந்தப் பெயரைக் காணோம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை ஓட்டினால் ‘ஒன்றும் இல்லை’ என்கிறது. நேற்று ஒருமுறை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி மிரட்டியிருக்கிறது. இது போலியா, எதைப் போட்டு நீக்குவது, ஃபார்மட் செய்தாக வேண்டுமா என்பது கேள்வி.

போலி என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘எதைப் போட்டு நீக்குவது’ என்று நேராக அங்கே போய்விடாதீர்கள். முதலில் அந்தப் பெட்டியைக் காட்டுவது யார் என்று பார்க்க வேண்டும். இப்படி ஒரு எச்சரிக்கை வர மூன்று வழிகள்தான் பெரும்பாலும் உண்டு: நீங்கள் எப்போதோ அனுமதி கொடுத்த ஒரு இணையதளம் பிரவுசர் வழியாக அனுப்பும் நோட்டிஃபிகேஷன், பிரவுசருக்குள் திறந்திருக்கும் ஒரு பக்கம், கணினியிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு புரோகிராம். முதல் இரண்டில் கணினிக்குள் வைரஸ் எதுவும் இல்லாமலே இருக்கலாம். அதனால்தான் டிஃபெண்டர் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. இல்லாத வைரஸைப் பிடிக்கப் பதற்றத்தில் தேடுபொறியில் கிடைத்த ‘கிளீனர்’ ஒன்றை இறக்கி, அதனாலேயே மூன்றாவது வகைக்குள் போய் விழுபவர்கள் ஏராளம்.

சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்டி அடுத்த முறை வரும்போது பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். தலைப்பில் குரோம் அல்லது எட்ஜின் பெயரும், செய்தியின் அருகில் ஒரு இணைய முகவரியும் இருக்கும். ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் முகவரியாக அது இருக்காது. எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோல் ஏதோ ஒன்று இருக்கும். ‘நான் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’ என்றோ, ‘வீடியோ ஓட அலவ் அழுத்துங்கள்’ என்றோ ஒரு பக்கம் கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். ரோபோ சோதனைக்கும் அலவ் பொத்தானுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த ஒரு அழுத்தத்தில், நீங்கள் அந்தத் தளத்தில் இல்லாதபோதும் உங்கள் திரையில் பெட்டி போடும் உரிமை அதற்குப் போய்விட்டது.

நீக்க எதையும் இறக்க வேண்டியதில்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அனுமதி மட்டும் போகும், அந்தத் தளம் மறுபடி கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவும் முடியாது. அதே பக்கத்தில் எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைக்கும் வசதியும் இருக்கிறது. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த இடம் பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்துகொண்டே இருப்பதால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று தட்டித் தேடுவதே விரைவு. கணினியில் இரண்டு மூன்று பிரவுசர் இருந்தால் எல்லாவற்றிலும் பாருங்கள். ஒரே பிரவுசரில் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று புரொஃபைல்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். ‘பிரவுசரை மூடிய பிறகும் பெட்டி வந்ததே, அப்படியானால் வைரஸ்தானே’ என்று நினைக்க வேண்டாம். குரோமும் எட்ஜும் ஜன்னலை மூடிய பின்னும் பின்னணியில் ஓடக்கூடியவை. பிரவுசர் செட்டிங்ஸின் சிஸ்டம் பகுதியில் அந்த வசதியை அணைத்துவிடலாம்.

நேற்று சைரனோடு வந்தது இரண்டாவது வகை. பெரும்பாலும் அந்தப் பெட்டியையே தெரியாமல் தட்டியதால் திறந்த பக்கமாக இருக்கும். அது வெறும் படமும் சத்தமும்தான். முழுத்திரை வசதியைப் பிடித்துக்கொண்டு, மூடும் பொத்தானையும் டாஸ்க்பாரையும் மறைத்து, ‘கணினி பூட்டப்பட்டுவிட்டது’ என்று தோன்றச் செய்யும் வித்தை. எஸ்கேப் பட்டனைத் தட்டினால் போதாது, சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். தட்டுவதைப் பக்கம் தடுக்க முடியும், அழுத்திப் பிடிப்பதைத் தடுக்க முடியாது. அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்கள். திரும்பத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சரி என்றால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

இதில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு: தொலைபேசி எண். விண்டோஸின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறவே பெறாது. மைக்ரோசாஃப்டே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண் தெரிந்தால் மோசடி, அவ்வளவுதான். இன்னொன்று, இணையப் பக்கம் ஒன்று உங்கள் வன்தட்டை ஸ்கேன் செய்யவே முடியாது. பக்கத்துக்குள் ஓடும் நிரலைப் பிரவுசர் ஒரு கூண்டுக்குள் வைத்திருக்கிறது. நீங்களாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத ஃபைலை அது தொடவே முடியாது. சில லட்சம் ஃபைல்கள் உள்ள கணினியை உண்மையான ஆன்ட்டிவைரஸ் முழுதாகத் தேட ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இங்கே பச்சைக் கோடு இருபது வினாடியில் ஓடி முடிந்து ‘5 வைரஸ்’ என்கிறது. வேறொரு கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாலும் அதே 5 தான் வரும்.

ஸ்கேன் என்று காட்டப்படுவது பொய்யாகவே இருக்க முடியும் என்பதை நம்ப மறுப்பவர்களுக்காக இரண்டு பழைய சங்கதிகள். 2014 ஏப்ரலில் கூகுள் பிளேயில் விலைக்கு விற்கும் ஆப்களில் முன்னணிக்கு வந்தது ‘வைரஸ் ஷீல்டு’ என்ற ஒன்று. விலை 3.99 டாலர். கேடயப் படத்தைத் தட்டினால் அதில் உள்ள பெருக்கல் குறி டிக் குறியாக மாறும். அது செய்த வேலை அவ்வளவே. கடைசியில் கூகுள் ஆப்பை எடுத்துவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாவது அமெரிக்காவில், ஆஃபீஸ் டிப்போ கடைகளில் சப்போர்ட்.காம் நிறுவனத்தின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற மென்பொருளைக் கொண்டு வாடிக்கையாளரின் கணினியைச் சோதித்த விவகாரம். தொடக்கத்தில் ‘கணினி மெதுவாக இருக்கிறதா’, ‘பாப்-அப் வருகிறதா’ என்பது போன்ற நான்கு கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று டிக் போட்டால் போதும், முடிவில் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) அறிகுறி இருப்பதாகச் சொல்லிவிடும். நடுவில் ஓடிய ஸ்கேனுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. 2019-இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. கடையில் மேசைக்கு அந்தப் பக்கம் சீருடை போட்ட ஆள் நின்று ஓட்டிய ஸ்கேனின் லட்சணமே இது.

இனி ஒரு விதிவிலக்கு. அந்தப் பக்கங்களில் எதுவாவது ‘விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு எண்டர்’ என்று சொல்லி, நீங்களும் அப்படியே செய்தீர்களா? செய்திருந்தால் கதையே வேறு. பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கும். அதை ஓட்டியது நீங்கள், உங்கள் கையால். பிரவுசரின் கூண்டு அங்கே பயன்படாது. இந்த வழியில் வருபவை பெரும்பாலும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் குறிப்புகள்) அள்ளிக்கொண்டு போகிறவை. அப்படிச் செய்திருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு, கீழே பாஸ்வேர்டு மாற்றுவது பற்றியும் ஃபார்மட் பற்றியும் சொல்லும் இடங்களுக்கு நேராகப் போய்விடுங்கள்.

மூன்றாவது வகை, கணினிக்குள்ளேயே குடியேறிய போலி. நெட்டைத் துண்டித்து, பிரவுசர் எதுவும் ஓடவில்லை என்று டாஸ்க் மேனேஜரில் உறுதி செய்த பிறகும் பெட்டி வந்தால் இதுதான். பெட்டி திரையில் இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்தப் பெட்டிக்கு உரிய வரியை ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுங்கள். முறையாக நிறுவப்பட்ட மென்பொருள் வழக்கமாக சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தன் பெயரில் ஃபோல்டர் வைத்திருக்கும். போலி பெரும்பாலும் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவிலோ டெம்பிலோ, வாயில் நுழையாத ஒரு பெயரில் ஒளிந்திருக்கும், ஏனென்றால் அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை. ஆனால் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். டிஃபெண்டரின் சொந்த எஞ்சினே புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்துதான் ஓடுகிறது. அதைப் போலி என்று நினைத்து நோண்டத் தொடங்கினால் இருக்கும் பாதுகாப்பும் போய்விடும். அடுத்து, அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருக்கிறதா பாருங்கள். தாவலே இல்லாத ஆன்ட்டிவைரஸை நம்ப வேண்டாம். தாவல் இருந்தால் கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர், பெட்டியில் விளம்பரமாகும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கையொப்பம் இருப்பதால் மட்டும் நல்லது என்று ஆகாது, திருடிய கையொப்பத்தோடு மால்வேர் வந்ததும் உண்டு.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்று ஒரு இடம் இருக்கிறது, அதையும் பாருங்கள். முறையான ஆன்ட்டிவைரஸ்கள் விண்டோஸிடம் தங்களைப் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பட்டியலில் இல்லாமல் ‘நான்தான் உங்கள் ஆன்ட்டிவைரஸ்’ என்று ஒன்று சொன்னால் அது பெரும்பாலும் பொய். மறுபக்கம் அவ்வளவு உறுதியில்லை. ஒன்றுமே செய்யாத ஒரு புரோகிராமை ஆன்ட்டிவைரஸ் என்று பதிவு செய்து டிஃபெண்டரைத் தூங்கவைக்க முடியும் என்று 2025-இல் ‘டிஃபெண்ட்நாட்’ என்ற கருவி காட்டிவிட்டது. ஆகவே பட்டியலில் இல்லை என்பது வலுவான சாட்சி, பட்டியலில் இருக்கிறது என்பது பலவீனமான சாட்சி.

எல்லாவற்றையும் போலி என்று ஒரே மூட்டையில் கட்டவும் கூடாது. புதுக் கணினியோடு சோதனைப் பதிப்பாக வரும் ஆன்ட்டிவைரஸ்கள் உண்மையானவை. காலம் முடிந்ததும் நச்சரிப்பதுதான் அவற்றின் குறை. வேண்டாமென்றால் வழக்கம்போல் அன்இன்ஸ்டால் செய்யலாம், மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டால் அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுக்கலாம். அதை நீக்கினால் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். இன்னொரு கூட்டம் இருக்கிறது: ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’, ‘பிசி ஆப்டிமைசர்’. வைரஸ் என்று சொல்ல முடியாது, பாஸ்வேர்டு திருடுவதில்லை, அன்இன்ஸ்டால் வசதியும் ஒழுங்காக வைத்திருக்கும். ஆனால் குக்கிகளையும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) உள்ள காலி வரிகளையும் எண்ணி ‘1,200 பிரச்சினை’ என்று சிவப்பில் காட்டிப் பணம் கேட்கும். விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில், ரெப்யூடேஷன் சார்ந்த பாதுகாப்புக்குள், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அது அணைந்திருந்தால் டிஃபெண்டர் இவற்றைக் கண்டாலும் சும்மா விட்டுவிடும். என் கணிப்பில் இந்தக் கூட்டத்தில் கணினியில் இருக்கத் தகுதியான ஒன்று கூட இல்லை.

நிஜமான போலிப் புரோகிராமை நீக்கும் வேலைக்கு வருவோம். முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் முதலில் ஒரு யூஎஸ்பியில் நகலெடுங்கள். இன்ஸ்டாலர்களையும் இஎக்ஸ்இ ஃபைல்களையும் எடுக்க வேண்டாம். டெம்ப் ஃபோல்டரை (தற்காலிக ஃபைல்கள் சேரும் இடம்) காலி செய்வதை எல்லாரும் முதல் வேலையாகச் சொல்வார்கள். கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2011 வாக்கில் ‘வன்தட்டு கெட்டுவிட்டது’ என்று மிரட்டிய ஒரு போலிக் குடும்பம், பயனரின் ஃபைல்களை எல்லாம் மறைநிலைக்கு மாற்றிவிட்டு, ஸ்டார்ட் மெனுவின் ஷார்ட்கட்களை டெம்ப் ஃபோல்டருக்குள்தான் கொண்டுபோய் வைத்தது. அவசரத்தில் டெம்பைத் துடைத்தவர்கள் வைரஸோடு சேர்த்து அவற்றையும் இழந்தார்கள். உங்கள் ஃபைல்கள் திடீரென்று காணாமல் போயிருந்தால், எக்ஸ்புளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

பிறகு சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும்படி விண்டோஸை எழுப்புவது. பழைய எஃப்8 வழி இப்போது இயல்பாக வேலை செய்யாது. ஷிஃப்டை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 சாதாரண சேஃப் மோடு, 5 நெட்டோடு கூடியது. இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வன்தட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். தொடங்குவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த எண்ணை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோடில் போலியும் பொதுவாக எழுந்திருக்காது. முதலில் செட்டிங்ஸின் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்து சேர்ந்ததை எல்லாம் பாருங்கள். போலி தனியாக வருவது குறைவு, இலவச வீடியோ கன்வர்ட்டர், பிடிஎஃப் கருவி என்று கூட்டாளிகளோடு வரும். அன்இன்ஸ்டால் ஆகிறதை எல்லாம் செய்யுங்கள். அடுத்து மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸை அட்மினாக ஓட்டுங்கள். கணினி எழும்போது தானாக ஓடும் அத்தனையையும் அது வரிசையாகக் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டால் மிஞ்சுவது பார்த்து முடிக்கக்கூடிய அளவுதான். இளஞ்சிவப்பு நிறத்தில் வருபவை கையொப்பம் சரிபார்க்க முடியாதவை, மஞ்சள் நிறம் ஃபைலே இல்லாத வெற்று வரி. இளஞ்சிவப்பு எல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை, விசாரிக்க வேண்டியது என்று மட்டும் அர்த்தம். சந்தேகமான வரியை அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். தப்பாகிப் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். லாகான் பகுதியோடு நிறுத்தாமல் ஷெட்யூல்டு டாஸ்க்ஸையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) சர்வீசஸையும் (பின்னணியில் ஓடுபவை) கட்டாயம் பாருங்கள். ‘நீக்கினேன், மறுநாள் திரும்ப வந்துவிட்டது’ என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி ஒரு ஷெட்யூல்டு டாஸ்க். இமேஜ் ஹைஜாக்ஸ் என்ற பகுதியில் ஏதாவது ஆன்ட்டிவைரஸின் பெயர் தெரிந்தால், அந்த ஆன்ட்டிவைரஸைத் திறந்தால் வேறொன்று ஓடும்படி யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

போலி சேஃப் மோடிலும் அடங்காமல், நீங்கள் திறக்கும் கருவியை எல்லாம் மூடினால், ப்ளீப்பிங்கம்ப்யூட்டர் தளத்தின் ஆர்கில் என்ற சின்னக் கருவி உதவும். அது எதையும் நீக்காது, ஓடிக்கொண்டிருக்கும் கெட்ட புராசஸ்களை நிறுத்த மட்டும் செய்யும். எனவே அது முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, செய்தால் எல்லாம் மறுபடி எழுந்துகொள்ளும். அந்த இடைவெளியிலேயே, ரீஸ்டார்ட் தேவைப்படாத சாதாரண ஸ்கேனை ஓட்டிவிட வேண்டும்.

ஸ்கேனுக்கு முன் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். பலரும் தவறவிடுவது இது. உள்ளே வந்த மால்வேர் சி டிரைவையே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தால், டிஃபெண்டர் எதையும் தேடாமலே ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும். நீங்கள் சேர்க்காத வரி எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். சொந்தக் கணினியிலேயே ‘இந்த வசதியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வந்தால் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி வைத்து டிஃபெண்டரை முடக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பிரவுசர் அப்படிச் சொன்னாலும் இதே சந்தேகம்தான், நீக்க முடியாத எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்) ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு வழக்கமான முறையில் விண்டோஸை எழுப்பி, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைக் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம். ஓடாத நிலையில் ஒளிந்துகொள்ள மால்வேருக்கு வழி குறைவு. அதன் பின் வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனர் ஒன்று, மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்போ ஈசெட்டின் ஆன்லைன் ஸ்கேனரோ, இரண்டாம் கருத்துக்கு. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் நல்லது, ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் போன மாதம் இறக்கியதை ஓட்டாதீர்கள். எதையும் தேடுபொறியின் விளம்பர லிங்க்கிலிருந்து இறக்காதீர்கள், போலிகள் வாடகை கொடுத்து உட்காரும் இடம் அது. கடைசியாக, நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்கள் போடாத புராக்ஸி (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு இடம் வழியாகத் திருப்பும் அமைப்பு) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். போலியை நீக்கிய பிறகு எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இவ்வளவும் சுத்தம் என்று வந்தால் என்ன அர்த்தம்? தெரிந்த மால்வேர் எதுவும் இப்போது அங்கே இல்லை என்று அர்த்தம். உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே போய்விட்டதா இல்லையா என்று எந்த ஸ்கேனராலும் சொல்ல முடியாது. அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ ஸ்கிரீன்கனெக்ட்டோ போட்டுத் திரையைக் காட்டியிருந்தால் ஸ்கேன் முடிவுக்கு மதிப்பே இல்லை. அவை நேர்மையான தொலைநிலைக் கருவிகள், ஆன்ட்டிவைரஸ் அவற்றைத் தொடாது. திருடன் கையில் சாவியை நாமே கொடுத்தால் பூட்டு என்ன செய்யும்? அப்படி நடந்திருந்தால் உடனே நெட்டைத் துண்டியுங்கள், அந்தக் கருவியை நீக்குங்கள், ஆள் இல்லாதபோதும் இணைய வசதியாக சர்வீஸாக அது தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. மாற்றும்போதே ‘எல்லாக் கருவிகளிலும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள், இல்லாவிட்டால் திருடிய குக்கி வேலை செய்துகொண்டே இருக்கலாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியை அழைத்து கார்டை முடக்கி, மோசடி என்று புகார் பதிந்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கிஃப்ட் கார்டு எண்ணைப் படித்துச் சொல்லியிருந்தால் அந்தக் கார்டு நிறுவனத்தை அழையுங்கள். பணம் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் எண் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்தால் முடக்கலாம். சில நாள் கழித்து ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று இன்னொரு அழைப்பு வரக்கூடும். எரிகிற வீட்டில் பிடுங்குகிற அதே கூட்டம்தான்.

ஃபார்மட் எப்போது? நோட்டிஃபிகேஷன் பெட்டிக்கும் மிரட்டும் பக்கத்துக்கும் ஃபார்மட் செய்வது கொசுவுக்காக வீட்டை இடிப்பது. விளம்பரப் போலிகளுக்கும் மேலே சொன்ன வழி போதும். ஆனால் ரன் பெட்டியில் கட்டளையை ஒட்டி ஓட்டியிருந்தால், முன்பின் தெரியாதவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கியிருந்தால், அல்லது நீக்கியது இரண்டாவது முறையும் திரும்பி வந்தால், சுத்தம் செய்வதில் நேரத்தைக் கொட்டாமல் புதிதாக நிறுவிவிடுங்கள். சந்தேகமில்லாத வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியை வைத்து, குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பியில் விண்டோஸை ஏற்றி, வன்தட்டின் பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) அழித்து நிறுவுவதே நம்பத்தக்க வழி. ரீசெட்டில் ‘என் ஃபைல்கள் இருக்கட்டும்’ என்பது வசதியானதுதான், ஆனால் கெட்ட ஃபைல் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் அதுவும் பத்திரமாக இருக்கும்.

மேக்கில் இதெல்லாம் வராது என்ற பேச்சு 2011 மே மாதத்தில் ‘மேக் டிஃபெண்டர்’ வந்தபோதே முடிந்துபோனது. அங்கே ஆப்பை ட்ராஷில் போடுவதோடு, லாகின் ஐட்டம்ஸையும், நீங்கள் போடாத புரொஃபைல் (கணினியின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஃபைல்) ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் நீக்க மறுக்கும் ஆப் பெரும்பாலும் டிவைஸ் அட்மின் உரிமையோ அக்சசிபிலிட்டி உரிமையோ வாங்கி வைத்திருக்கும். முதலில் அதைப் பறித்தால்தான் அன்இன்ஸ்டால் ஆகும். ஐஃபோனில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பை ஸ்கேன் செய்ய முடியவே முடியாது, ஆகவே அங்கே ‘வைரஸ் ஸ்கேன்’ என்று சொல்வது எல்லாமே கதை. காலண்டரில் வைரஸ் எச்சரிக்கை வந்தால் தெரியாமல் சந்தா செய்த ஒரு காலண்டர் அது, நீக்கினால் போய்விடும்.

உங்கள் விஷயத்தில் இன்றே செய்ய வேண்டியது நோட்டிஃபிகேஷன் பட்டியலைச் சுத்தம் செய்வது, எக்ஸ்டென்ஷன்களைப் பார்ப்பது, எக்ஸ்குளூஷன்ஸைப் பார்த்துவிட்டு ஒரு ஆஃப்லைன் ஸ்கேன். அந்த எண்ணுக்கு நீங்கள் அழைக்கவில்லை, எதையும் ஒட்டி ஓட்டவில்லை என்றால் இதற்கு மேல் தேவைப்படாது. பிறகும் பெட்டி வந்தால் அதில் உள்ள இணைய முகவரியையோ, டாஸ்க் மேனேஜர் காட்டும் ஃபைலின் முழு இருப்பிடத்தையோ எழுதுங்கள். திரையைப் படம் எடுக்கும்போது அந்த ஓரத்துச் சின்ன எழுத்துகளும் படத்துக்குள் விழட்டும்.